கஸ்தூரிக்கு வெயில் ஆகாது

தோணிரேவில் காந்தாவின் வீடு எது என்று கேட்டால், பட்டப்பகலில் சிம்னி விளக்கு எரியும் வீடு என்பார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தது. பனையோலைக் கூரை, மண்சுவர். சன்னல் இருந்த இடத்தைக் களிமண் வைத்துப் பூசி மூடியிருந்தார்கள். வாசலில் ஒரு கோணி தொங்கும். அதை விலக்கினால் உள்ளே இன்னொரு கோணி தொங்கும். தினமும் காலையில் வெயில் ஏறியதும் காந்தா விளக்கை ஊதி அணைத்துவிட்டுத் தரையைப் பார்ப்பாள். கூரையில் எங்காவது ஓலை விலகி, நாலணா அகலத்துக்கு வெளிச்சம் விழுந்திருந்தால் அந்த இடத்தைக் கழியால் கீழிருந்து குத்தி அடையாளம் வைப்பாள். பிறகு வெளியே போய் மேலே ஏறி, தாரில் தோய்த்த பழைய வலைத்துண்டை அதில் திணித்துவிட்டு வந்து மறுபடியும் தரையைப் பார்ப்பாள். ஒரு பொட்டுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் விளக்கை ஏற்றி மகள் கஸ்தூரியை எழுப்புவாள். பதின்மூன்று வருஷம் இதை ஒருநாள் விடாமல் செய்தாள். புயல் வந்து கூரையைக் கொண்டுபோன நாட்களில் மட்டும் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது.

அவளுக்குக் கஸ்தூரிக்கு முன்னால் ஒரு மகன் இருந்தான். அவனுக்கு அவள் செய்தது நேர்மாறானது.

காந்தாவைக் கட்டியவன் அவளுடைய தாய்மாமன் சம்பந்தம். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் திரிந்தவன். அவள் பிறந்தபோதே இவனுக்குத்தான் என்று பேசி வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான் கட்டிக்கொண்டது. அவன் தோணியில் வலைக்குப் போவான். அவள் மற்ற பெண்களோடு மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி எறா பிடிப்பாள். பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டால் இரண்டு கையும் சேற்றுக்குள் வேலை செய்யும், பிடிபட்டதைப் பறிக்குள் போடலாம். காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை குனிந்த முதுகு நிமிராது.

மகன் தருமலிங்கம் அறுபத்தாறில் பிறந்தான். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அவனைக் கரையில் ஒரு கூடையில் கிடத்திவிட்டு ஏரியில் இறங்கினாள். ஏறி வந்து பார்த்தபோது அவன் முகம் வெந்த எறாவைப் போலச் சிவந்து கிடந்தது. தோல் உரிந்து ஆறியது. ஆறிய இடத்தில் கடுகு தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் வந்தன. இரண்டு வயதில் முகமெல்லாம் புள்ளி, கையெல்லாம் புள்ளி. வெளியே தூக்கிப் போனால் கண்ணைத் திறக்கமாட்டான். பெண்கள் அதைப் பார்த்து, மசக்கையில் நீ எறா முட்டையாத் தின்னியா என்று சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

ஆறு வயதில் அவன் மூக்கின் மேல் ஒரு புண் வந்தது. மிளகளவு இருந்தது. ஆறாமல் நீர் வடிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். களிம்பு போட்டால் புண் இன்னும் ஈரமாகிறது என்று காந்தாவுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே யோசித்ததுதான். அவள் வளர்ந்தது கருவாட்டுக் களத்தில். மடவை மீனை முதுகு கீறி, உப்பு தேய்த்து, மணலில் பரப்பி, உச்சிவெயிலில் ஒருமுறை திருப்பிப் போட்டால் அது வருஷம் கழித்தும் கெடாது. வானம் மூடி, ஈரம் காயாமல் போனால் இரண்டே நாளில் புழு வைக்கும். ஈரம் அழுக வைக்கும், வெயில் அழுகாமல் காப்பாற்றும் என்பதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் கைக்கே தெரியும். மகனின் மூக்கு அழுகிக்கொண்டிருந்தது. அதனால் அவனைக் காயவைத்தாள்.

அந்தக் கோடை முழுக்க, கருவாடு பரப்பியதும் பக்கத்தில் ஒரு பாயை விரித்து அவனைப் படுக்க வைத்தாள். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தைத் துடைத்தாள். எரிகிறது என்று அழுதான். எரிந்தால்தான் புண் கேட்கும் என்றாள். இரண்டு வாரத்தில் பழகிப்போனது அவனுக்கு. கண்ணை இறுக்கி மூடியபடி படுத்துக் கிடப்பான். அவள் மீனைத் திருப்பும் சத்தம் கேட்டால், கண்ணைத் திறக்காமலே குரல் கொடுப்பான்.

"யம்மா, இந்தப் பக்கம் காஞ்சிட்ச்சு. என்னையும் திருப்பிப் போடு."

களத்திலிருந்த பெண்கள் சிரிப்பார்கள். மூக்கின் மேல் பொருக்கு கட்டியது. பொருக்கைப் பார்த்துக் காந்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். பொருக்குக்கு அடியில் அது பரவிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் உதட்டில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. எழுபத்து நான்கு ஆடியில் அவன் செத்தபோது முகம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. கடைசிவரை அவள் அவனை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அப்போது கஸ்தூரிக்கு ஒரு வயது.

கஸ்தூரியின் முகத்தில் கடுகு தெறித்ததை முதலில் கவனித்தது பழவேற்காட்டுப் பரக்கத் பீவி. பழைய வியாபாரக் குடும்பம். கப்பல் வியாபாரமெல்லாம் போய், இப்போது கருவாடு வாங்கி மெட்ராசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காந்தா எறாவை அவள் வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். பீவி குழந்தையை வாங்கி மடியில் வைத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, உன் பையனுக்கு வந்ததுதானே இது என்று கேட்டாள். பொன்னேரி வேண்டாம், நேராக மெட்ராஸ் போ, நாளைக்கே போ என்று பீவி சொன்னாள்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவை போனபோது தாமோதரன் என்ற இளவயது டாக்டர் பார்த்தார். குழந்தையைவிடப் பெற்றவர்களைத்தான் அதிகம் கேள்வி கேட்டார். சொந்தத்திலா கல்யாணம் என்று கேட்டதற்கு, தாய்மாமன்தான் என்று காந்தா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல் சொன்னார். உடம்பு முழுக்க செல் என்று கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ரெட்டை இழையாக ஒரு நூல். அந்த செல் என்ன செய்ய வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறது. வெயில் பட்டால் அந்த நூலில் அங்கங்கே பிசகு விழும். எல்லோருக்கும் விழும், தினமும் விழும்.

"எனக்கும் விழுது, உங்களுக்கும் விழுது. ஆனா உள்ளயே அதைப் பாத்துக்க ஏற்பாடு இருக்கும்மா. பிசகு விழுந்த எடத்தக் கண்டுபிடிச்சு, அந்தத் துண்ட மட்டும் வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையப் பாத்துப் புதுசாப் போட்டு ஒட்டிடும். சரி பண்ணி முடிக்கிறவரைக்கும் அந்த செல் பெருகாம நிக்கும். ரொம்பக் கெட்டுப்போச்சுன்னா தானே செத்துப்போகும். இந்தக் குழந்தைக்கு அந்த வெட்டி ஒட்டுற வேல நடக்கல. பிசகு மேல பிசகு சேருது. எப்ப நிறுத்தணும்னு சொல்ற எடமும் ஒருநாள் கெட்டுப்போகும். அப்ப அந்த செல் நிக்காமப் பெருகும். அதத்தான் புத்துன்னு சொல்றோம்."

சம்பந்தம் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். தினமும் சாயந்திரம் சம்பந்தம் செய்யும் வேலை காந்தாவுக்கு நினைவு வந்தது. வலையில் நண்டு கடித்த இடத்தைத் தடவிக் கண்டுபிடிப்பான், பிய்ந்த கண்ணிகளைக் கத்தியால் அறுத்து எடுப்பான், நல்ல கண்ணிகளைப் பார்த்து அதே அளவில் புதிதாக முடிச்சுப் போடுவான்.

"நண்டு அறுத்த வலைய யாரும் பின்னாம, அப்படியே தெனம் தெனம் ஏரில போடற மாதிரியா சார்?"

"அதேதான்மா."

"அப்ப வெயில்தான் நண்டா?"

டாக்டர் ஆமாம் என்றார். வெயில் படாமல் வைத்திருந்தால் வலை அறுபடாது, அறுபடாவிட்டால் பின்ன வேண்டிய வேலையும் இல்லை என்றார். இதற்கு மருந்து கிடையாது, இதைத் தவிர வேறு வழியும் கிடையாது. வெளிநாட்டிலேயே இது ஏன் வருகிறது என்று கண்டுபிடித்து ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் அந்தக் குறை பாதி பாதியாக இருக்கும், வெளியே தெரியாது. ஒரே குடும்பத்தில் கட்டும்போது இரண்டு பாதியும் பிள்ளையிடம் சேர்ந்துவிடும்.

அதைக் கேட்டுச் சம்பந்தம் முதல்முறையாக வாயைத் திறந்தான். "இவள நான் தோள்ல தூக்கி வளத்தேன் சார்," என்றான்.

காந்தா எழுந்திருக்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தனக்கு ஒரு மகன் இருந்ததையும், அவனைக் களத்தில் காயவைத்ததையும், எத்தனை நாள், எந்த நேரம், உப்புத் தண்ணீர் எப்படித் துடைத்தாள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். பாதியில் சம்பந்தம் வெளியே போய்விட்டான். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். உங்களுக்குத் தெரியாதேம்மா என்றார். அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

திரும்பும் ரயில் அனுப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டியது. சன்னலோர வெயில் குழந்தையின் காலில் விழுந்தது. காந்தா முந்தானையால் மூடினாள். வண்டி வளைந்தபோது வெயில் கைக்கு வந்தது. கையை மூடினாள்.

அடுத்த மாதம் பொன்னேரிக்குப் போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். சம்பந்தத்திடம் வந்த பிறகுதான் சொன்னாள். அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் களிமண் குழைத்து சன்னலை மூடியது அவன்தான்.

பகலில் மகளைத் தனியே விட முடியாது என்பதால் காந்தா எறா பிடிப்பதை இருட்டுக்கு மாற்றிக்கொண்டாள். சம்பந்தம் கரைக்கு வந்ததும் அவள் இறங்குவாள். மகள் எப்போதாவது பகலில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பரக்கத் பீவி வழி செய்தாள். மெல்லிய துணி போதாது, கெட்டியான கறுப்புத் துணி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பீவி தன் பழைய புர்காவை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். வருஷா வருஷம் மகள் வளர வளர, பீவி விளிம்பைப் பிரித்து இறக்கிவிட்டாள்.

தலையிலிருந்து கால்வரை கறுப்பாக அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறக் கிளம்பும்போதெல்லாம், பக்கத்து வீட்டு மரியம்மா சும்மா இருக்கமாட்டாள்.

"இன்னா காந்தா, எந்த பாய் வூட்டுக்கு மருமவளா அனுப்பற?"

"உன் வூட்டுக்கு அனுப்பலாம்னு பாத்தேன்," என்பாள் காந்தா. "நீதான் கூர மாத்தவே இல்லியே. உன் வூட்ல பகல்ல நட்சத்திரம் தெரியுது."

கஸ்தூரி விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தாள். கூடை பின்னுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். வெளியில் போகிறவர்களைக் காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஏழு வயதில் நெற்றியில் ஒரு புண் வந்தது. மிளகளவு ஆவதற்குள் மெட்ராசுக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்துவிட்டார்கள். அண்ணன் செத்த எட்டு வயதை அவள் தாண்டினாள், ஒன்பதைத் தாண்டினாள். காந்தா அதை யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்து நான்கு ஐப்பசி முடியும் சமயத்தில் புயல் வந்தது. ஊரே பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டியது. இரண்டாம் இரவு பள்ளிக்கூடத்தின் ஓடு பாதி பறந்தது. திரும்பி வந்தபோது கடைசி வரிசையில் வீடுகள் இல்லை. சுவர் கரைந்து மண்மேடாகக் கிடந்தது. புர்காவும் போய்விட்டது. மறுநாள் காலை வானத்தில் ஒரு மேகம் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வெயில் வரப்போகிறது என்று கிழக்கைப் பார்த்தே தெரிந்தது. கரையில் நிழல் என்று ஒரு மரம்கூட மிச்சமில்லை.

சம்பந்தத்தின் தோணி மட்டும் தப்பியிருந்தது. புயலுக்கு முன்னால் அதை ஓடையில் மண்ணை நிரப்பி மூழ்கடித்து வைத்திருந்தான். விடியுமுன் நாலு பேர் சேர்ந்து மண்ணை வாரிக் கொட்டிவிட்டு அதை இழுத்து வந்து, கஸ்தூரியை மணலில் உட்காரவைத்து, அவள்மேல் கவிழ்த்தார்கள். காந்தா விளிம்பைச் சுற்றி ஈர மணலை அணைத்துக் கட்டினாள். காற்றுக்கும் ஆள் ஊர்ந்து நுழையவும் வடக்குப் பக்கம் ஒரு பள்ளம் விட்டு, அதற்கும் கோணி போட்டாள்.

ஒன்பது நாள் அந்தப் பெண் தோணிக்கு அடியில் இருந்தாள். வலையெல்லாம் போன பிறகு தோணி ஒன்றுதான் பிழைப்பு. அதையும் சம்பந்தம் அவளை விட்டு எடுக்கவில்லை. அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போனான். நிவாரண அரிசி கொடுக்க வந்த குமாஸ்தா, ஆளை நேரில் பார்க்காமல் பங்கு எழுத முடியாது என்றார். சம்பந்தம் தோணியைக் காட்டினான். அவர் நம்பாமல் குடைக்காம்பால் பலகையைத் தட்டினார்.

"சொல்லுங்க சார், கஸ்தூரிதான்," என்றது உள்ளேயிருந்து குரல். "கதவு இல்ல, இல்லாட்டி தொறப்பேன்."

அவர் எழுதிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காந்தா கஞ்சியோடு பள்ளம் வழியாக ஊர்ந்து உள்ளே போனாள். தார் வாடையும் சூடும் மூச்சை அடைத்தன. இருட்டில் மகளின் முழங்கால் கையில் பட்டது. கஸ்தூரி கஞ்சியை வாங்கவில்லை. காலையில் தோணிக்கு மேற்கே விழுந்த நிழலில் மரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பதை மறந்துபோய்ப் பேசியிருக்கிறார்கள்.

"அண்ணன கருவாட்டுக் களத்துல காயப்போட்டியாமே. அதனாலதான் செத்தானாமே. நெசமா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

காந்தா டாக்டரிடம் சொன்னதை இரண்டாவது தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை, திருப்பிப் போடச் சொல்லி அவன் கேட்டதையும் சொன்னாள். வெளியே யாரோ மரச்சட்டத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அவனுக்கு வெயில் எப்படி இருக்கும்னு தெரியும்," என்றாள் மகள். "எனக்குத் தெரியாது."

கஞ்சியை வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

புது வீட்டிலும் காந்தா சன்னல் வைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளிலோ, அதற்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த அரை நாளிலோ, அல்லது ரயிலில் கையை மூடுவதற்கு முன் விழுந்த வெயிலிலோ, எங்கோ அறுந்தது அறுந்தபடி இருந்திருக்கிறது. எண்பத்தாறில் இடது கண் இமையில் வந்தது. கண்ணையே எடுத்தார்கள். எண்பத்தேழு தீபாவளிக்கு நாக்கின் நுனியில் வந்தது. அதற்குள் தாமோதரன் டாக்டருக்குக் காதோரம் நரைத்திருந்தது. நாக்கில் கொஞ்சம் வெட்டினார்கள். தை மாதம் மறுபடி போனபோது, கழுத்தில் இறங்கிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்றார். அவர் கையில் வந்த இப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்து வயதைத் தாண்டியவர்கள் இல்லை, நீங்கள் பதினைந்துவரை கொண்டுவந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

காந்தா ஒன்றே ஒன்று கேட்டாள். "இனிமே வெயில் பட்டா சார்?"

அவருக்குப் புரிந்தது. மகளை ஒருமுறை பார்த்தார். "இனிமே பட்டாலும் ஒண்ணுதாம்மா, படலைன்னாலும் ஒண்ணுதான்," என்றார்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் அவள் வழக்கம்போலக் காலையில் விளக்கை அணைத்துத் தரையைப் பார்த்தாள். ஐந்தாம் நாள் பார்க்கவில்லை. சம்பந்தத்திடம் தோணியை எடுக்கச் சொன்னாள். உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று பேரும் கரைக்கு நடந்தார்கள். கஸ்தூரி பீவி தைத்த இரண்டாவது புர்காவில் இருந்தாள். மரியம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், மீனை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

கரை கண்ணுக்குக் கோடாகத் தெரியும் இடம்வரை சம்பந்தம் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனான். பிறகு கழியை ஆழ ஊன்றித் தோணியை அதில் கட்டிவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி, தோணியின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்துகொண்டான். காற்று இல்லை. ஏரி முழுக்க வெளிச்சம் கொதித்தது.

கஸ்தூரி தானாகவே துணியைத் தலைக்கு மேலே கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இருந்த ஒரு கண்ணைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை, மூடிக்கொண்டாள். முகத்தை மேலே தூக்கினாள். புள்ளிகளும் தையல் தழும்புகளும் நிறைந்த அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் காந்தா அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள்.

எப்போது எழுந்தோம் என்று காந்தாவுக்கே தெரியாது. ஆடும் தோணியில் காலை அகட்டி, சூரியனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நிழல் மகளின் நெற்றியிலிருந்து மடிவரை விழுந்திருந்தது.

கஸ்தூரிக்கு நாக்கு தடித்துப் பேச்சு குழறும். அதனால் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்திச் சொன்னாள்.

"தள்ளிக்கம்மா. மறைக்கிற."

காந்தா தள்ளி உட்கார்ந்தாள்.